உரம் பொறுக்காத மலைப்பூ: ஆர்னிகா வளர்ப்பு பற்றி

தமிழ்நாட்டில் எந்த ஊர் ஹோமியோபதி மருந்துக்கடையில் கேட்டாலும் ஆர்னிகா இல்லை என்ற பதில் வராது. அடிபட்டு ரத்தம் கட்டிய இடத்தில் தடவும் களிம்பிலும், முடி கொட்டுவதற்குத் தேய்க்கும் எண்ணெயிலும், நாக்கில் போட்டுக் கரைக்கும் இனிப்பு உருண்டையிலும் அந்தப் பெயர் இருக்கிறது. அந்தச் செடியைப் பார்த்தவர்கள்தான் நம்மிடையே அரிது. இந்தியாவின் எந்த மலையிலும் அது தானாக முளைப்பதில்லை. ஆல்ப்ஸ், கார்ப்பாத்தியன், பிரனீஸ், வோஜ் மலைகளின் புல்வெளிகளே அதன் தாயகம். வட ஐரோப்பாவில் தாழ்நிலப் புதர்க்காடுகளிலும் ஒரு காலத்தில் ஏராளமாகப் பூத்தது. அங்கே இப்போது அருகிவிட்டது.

உலகில் விற்கும் ஆர்னிகாவின் பெரும்பங்கு இன்றும் காட்டிலிருந்தே பறிக்கப்படுகிறது. பயிராக வளர்த்தால் மருந்துக்கும் தட்டுப்பாடு வராது, மலையில் இருக்கும் செடியும் பிழைக்கும் என்று சொல்லி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பல நாடுகளில் வேளாண் ஆய்வுகள் நடந்துவருகின்றன. பயிரிட முடியும் என்பதை அவை நிறுவிவிட்டன. மலைச்செடி அதனால் பிழைக்குமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் இந்த மூலிகை பற்றிய பேச்சு பெரும்பாலும் வழி தவறிவிடுகிறது.

முதலில் செடியைப் பார்ப்போம். லின்னேயஸ் 1753-இல் ஆர்னிகா மொன்டானா என்று பெயரிட்ட இது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் கரிசலாங்கண்ணியும் மூக்குத்திப்பூவும் இதற்கு உறவு. பல ஆண்டு வாழும் செடி. மண்ணுக்கடியில் கிடைமட்டமாக ஓடும் கிழங்குத்தண்டிலிருந்து இலைகள் எழுந்து, தரையோடு படிந்து வட்டமாக விரிந்து கிடக்கும். கோடையில் அந்த வட்டத்தின் நடுவிலிருந்து 20 முதல் 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு மயிரடர்ந்த தண்டு ஒன்று எழும். அதில் ஒன்றிரண்டு இணை இலைகள் எதிரெதிராக இருக்கும். உச்சியில் ஆரஞ்சு கலந்த மஞ்சளில் 5 முதல் 8 சென்டிமீட்டர் அகலப் பூத்தலை. ஓரத்துப் பூவிதழ்கள் ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல் தெரியும். ஐரோப்பியப் புல்வெளிகளில் மஞ்சள் பூக்களுக்குப் பஞ்சமில்லை. எதிரெதிர் இலையும் நறுமணமும்தான் பறிப்பவர்களுக்கு அடையாளம்.

இதன் மருத்துவ மதிப்புக்கு அடிப்படை, செஸ்குயிடெர்பீன் லாக்டோன் எனப்படும் கசப்புப் பொருள்கள். ஹெலினாலின், டைஹைட்ரோஹெலினாலின் ஆகியவற்றின் எஸ்டர்கள் பூத்தலையில் சேர்ந்திருக்கின்றன. உடலில் அழற்சியைத் தூண்டும் என்.எஃப். கப்பா-பி என்ற புரதத்தோடு ஹெலினாலின் வேதிப் பிணைப்பை ஏற்படுத்தி அதை முடக்கிவிடுகிறது. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் இர்ம்கார்ட் மெர்ஃபோர்ட் குழுவினர் 1990-களில் இதை விளக்கிய பிறகு, பாட்டி வைத்தியமாக மட்டும் கருதப்பட்ட ஆர்னிகாவை மருந்தியலாளர்கள் மதிப்போடு பார்க்கத் தொடங்கினர். ஐரோப்பிய மருந்து நூலின்படி, உலர்ந்த பூவில் இந்த லாக்டோன்கள் குறைந்தது 0.40 விழுக்காடு இருந்தால்தான் அது மருந்துச் சரக்கு. பயிரிடுபவர் முதலில் மனத்தில் வைக்க வேண்டிய எண் இதுதான்.

வீக்கத்தைக் குறைக்கும் இதே பொருள் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. வாந்தி, வயிற்றுப்போக்கு, இதயத் துடிப்பில் கோளாறு என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே பூவை ஊறவைத்த சாறும் களிம்பும் மேற்பூச்சுக்கு மட்டுமே, அதுவும் தோல் கிழியாத இடத்தில் மட்டுமே. கன்றிப்போன அடி, சுளுக்கு, ஓரிடத்துத் தசைவலி ஆகியவற்றுக்கு மரபுவழி மூலிகையாக ஐரோப்பிய மருந்து முகமை இதை ஏற்றிருக்கிறது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், கைவிரல் மூட்டுத் தேய்மானம் உள்ள 204 பேரில் ஒரு பகுதியினருக்கு ஆர்னிகா ஜெல்லும் மற்றவர்களுக்கு ஐபுப்ரோஃபென் ஜெல்லும் 21 நாள் தரப்பட்டன. வலியைக் குறைப்பதில் ஆர்னிகா பின்தங்கவில்லை. காக்ரேன் அமைப்பின் 2013 மதிப்பாய்வும் இதை ஒட்டியே முடிவு சொன்னது. பக்கவிளைவில் ஆர்னிகா மேலானது என்று சொல்ல முடியாது என்றும் சேர்த்துக் குறிப்பிட்டது. சூரியகாந்திக் குடும்பப் பூக்கள் ஒவ்வாதவர்களுக்கு இது தோல் தடிப்பைக் கொண்டுவரும்.

இனிப்பு உருண்டையின் கதை வேறு. 30சி வீரியம் என்றால் நூறில் ஒரு பங்காக முப்பது முறை நீர்த்தது. பன்னிரண்டாம் முறையைத் தாண்டும்போதே செடியின் மூலக்கூறு ஒன்றுகூட மிஞ்ச வாய்ப்பில்லாத நிலை வந்துவிடும். அதனால் அந்த உருண்டை யாருக்கும் நஞ்சாகாது. அது வலியைக் குறைக்கிறதா என்று மணிக்கட்டு அறுவை செய்துகொண்டவர்களிடம் சோதித்து 2003-இல் வெளியிட்ட முடிவு, வெறும் மாத்திரைக்கும் அதற்கும் வேறுபாடில்லை என்பது. களிம்புக்குக் கிடைத்த சான்றை உருண்டைக்கும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் நம் ஊர் விளம்பரங்களில் ஊறியிருக்கிறது. வாங்குபவர்கள் இந்த இரண்டையும் பிரித்தறிய வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

இனி மலைக்குப் போவோம். 1990-களின் இறுதியில் கணக்கிட்டபோது ஐரோப்பாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 டன் உலர்ந்த ஆர்னிகாப் பூ வணிகமாகியது. ஐந்தாறு கிலோ பச்சைப்பூ காய்ந்தால் ஒரு கிலோ மிஞ்சும். அத்தனையும் ஒவ்வொரு தலையாகக் கையால் கிள்ளியது. ருமேனியாவும் ஸ்பெயினும் முக்கியமான பறிப்பு நாடுகள். பூவைக் கிள்ளினால் செடி சாவதில்லை. கிழங்குத்தண்டு அடுத்த ஆண்டும் இலை விடும். ஆனால் ஹோமியோபதியின் சில தாய்த் திரவங்களுக்கு வேர்ப்பகுதியையோ முழுச் செடியையோ எடுக்கிறார்கள். அங்கே பறிப்பு என்பது பிடுங்கல்தான். பிரான்ஸின் வோஜ் மலையில் மார்க்ஸ்டைன் பகுதிப் புல்வெளிகளில் அப்படித்தான் நடந்துவந்தது. 2007-இல் அங்குள்ள ஊராட்சிகள், நில உரிமையாளர்கள், பறிப்பவர்கள், மருந்து நிறுவனங்கள், இயற்கைப் பூங்கா நிர்வாகம் எல்லோரும் கூடி உடன்படிக்கை செய்துகொண்டார்கள். எங்கே பறிக்கலாம், எங்கே எரு போடக்கூடாது, எப்போது மாடு விடலாம் என்பது வரை அதில் விதிகள் வந்தன. ஐரோப்பிய ஒன்றியமும் 1992-ஆம் ஆண்டின் வாழிடச் சட்டத்தில், பறிப்பை ஒழுங்குபடுத்தக்கூடிய இனங்களின் பட்டியலில் ஆர்னிகாவைச் சேர்த்திருக்கிறது.

பறிப்பதால்தான் செடி அழிகிறது என்று எண்ணுவது இயல்பு. ஆய்வுகள் காட்டும் பெரிய எதிரி வேறு. மண்ணின் செழிப்புதான் அது. ஆர்னிகா ஏழை மண்ணின் செடி. சுண்ணாம்பில்லாத, அமிலத்தன்மையுள்ள, தழைச்சத்து குறைந்த நிலத்தில் மற்ற புற்கள் குட்டையாக நிற்கும்போதுதான் தரையோடு படிந்த அதன் இலைகளுக்கு வெயில் கிடைக்கும். அந்த நிலத்தில் யூரியாவோ சுண்ணாம்போ போட்டால் புல் முழங்காலுக்கு எழும்பி நிழல் கட்டிவிடும். இரண்டு மூன்று ஆண்டில் ஆர்னிகா காணாமல் போகும். யாரும் உரம் போடாவிட்டாலும் தொழிற்சாலைப் புகையும் பெரும் மாட்டுப்பண்ணைகளின் அம்மோனியாவும் மழையோடு இறங்கி அதே வேலையைச் செய்கின்றன. மழை மண்ணை மேலும் அமிலமாக்கும்போது அலுமினியம் கரைந்து வேரைத் தாக்குகிறது. அமிலத்தை விரும்பும் செடிக்கும் அதில் ஒரு வரம்பு உண்டு.

நெதர்லாந்தில் இப்படிச் சுருங்கிப்போன ஆர்னிகாக் கூட்டங்களை ஷீலா லூய்டன் ஆராய்ந்தபோது இன்னொரு சிக்கல் தெரிந்தது. இந்தச் செடி தன் மகரந்தத்தால் தானே விதை கட்டாது. ஒரே கிழங்கிலிருந்து பரவிய செடிகள் பல இருந்தாலும் அவை ஒரே உயிர்தான், ஒன்றுக்கொன்று துணையாகா. கூட்டம் சிறிதாகச் சிறிதாக விதையும் குறைகிறது. விழுந்த விதை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் காத்திருக்கும் வகையும் அல்ல. ஓரிடத்தில் ஒருமுறை அழிந்தால் மண்ணிலிருந்து அது தானாகத் திரும்பி வராது.

இந்த இயல்புகளை அறிந்தவருக்கு வளர்ப்பு முறை பாதி தெரிந்த மாதிரி. நம் உழவர் மரபில் ஊறிய கை முதலில் தொழு உரத்தைத் தேடும். ஆர்னிகாவுக்கு அதுதான் கூடாது. நிலத்தின் பிஎச் 4.5-க்கும் 6-க்கும் இடையே இருக்க வேண்டும். மணல் கலந்த, தண்ணீர் தேங்காத, ஆனால் ஈரம் காக்கும் மண் ஏற்றது. சுண்ணாம்புக் கல் கலந்த நிலமானால் எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை, அதை விட்டுவிடுவதே நல்லது. பாசனத் தண்ணீரும் உப்பும் கடினமும் இல்லாததாக இருக்க வேண்டும். நிலத்தைச் சரிசெய்துவிட்டு, தண்ணீரால் மெல்ல மெல்லச் சுண்ணாம்பு ஏற்றிச் செடியை மஞ்சளாக்கியவர்கள் உண்டு. இலை வெளிறுவது இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாததன் அறிகுறி.

விதை புதிதாக இருந்தால் நன்றாக முளைக்கும். வைத்திருக்க வைத்திருக்க முளைப்புத்திறன் விழுந்துவிடும் என்பதால் பழைய விதையை வாங்கக்கூடாது. ஒளி பட்டால் முளைப்பு கூடுமாகையால் ஆழப் புதைக்காமல் மேலே தூவி மெல்லிய மணல் போர்த்தினால் போதும். 18 முதல் 20 டிகிரி வெப்பத்தில் இரண்டு வாரத்துக்குள் முளை தெரியும். நேரடியாக வயலில் விதைத்தால் களைக்குள் குஞ்சுச் செடி தொலைந்துபோகும். குழித்தட்டில் நாற்று விட்டு, இலைவட்டம் தேறிய பிறகு நடுவதே எங்கும் வென்ற முறை. போலந்தின் லூப்ளின் நகரில் டானுடா சுகியரும் உடன் ஆய்வாளர்களும் அமில மணல் நிலத்தில் பல ஆண்டுகள் இதைச் சோதித்திருக்கிறார்கள். நியூசிலாந்திலும் ப்ரூஸ் ஸ்மால்ஃபீல்ட், மால்கம் டக்ளஸ் இருவரும் வணிகப் பயிராக வளர்ப்பதற்கான கையேடே எழுதினார்கள்.

வரிசைக்கு வரிசை 40 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 25 முதல் 30 சென்டிமீட்டர் விட்டு நடலாம். முதல் ஆண்டு இலை மட்டும்தான். அந்த ஆண்டில் பூ வரவில்லையே என்று உரம் வைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். பூக்க அதற்கு ஒரு குளிர்காலம் தேவை. உறைபனியில் ஓய்ந்து கிடந்து, இளவேனிலில் விழித்து, இரண்டாம் ஆண்டு கோடையில் பூக்கும். இரண்டாம், மூன்றாம் ஆண்டு விளைச்சல்தான் உச்சம். பிறகு செடி நடுவில் காய்ந்து ஓரங்களில் புதுத் துளிர் விட்டு நகரும். அந்தக் கட்டத்தில் கிழங்குத்தண்டைப் பிரித்துப் புது இடத்தில் நடுவார்கள். வேரோடு கூட்டாக வாழும் பூஞ்சைகள் உள்ள மண்ணில் நாற்று நன்றாகப் பிடிக்கிறது என்பது போலந்து ஆய்வுகளின் இன்னொரு முடிவு. தொற்றுநீக்கிய ஊடகத்தில் வளர்த்த நாற்றை நடும் முன் இதை நினைக்க வேண்டும்.

களைதான் ஆர்னிகா வயலின் தலைவலி. தரையில் படியும் செடியாதலால் களை அதை எளிதில் அமுக்கிவிடும். மூலிகைச் சரக்கில் நஞ்சு எச்சம் இருக்கக்கூடாது என்பதால் களைக்கொல்லிக்கு இடமில்லை. கையும் சிறு கொத்தும்தான் வழி. ஓடில்லா நத்தைகள் இளம் இலையை விரும்பி மேயும். இவற்றைவிடத் தனித்துவமான தொல்லை டெஃப்ரிட்டிஸ் ஆர்னிக்கே என்ற சிறு ஈ. அது பூத்தலைக்குள் முட்டையிடும். புழு பூவடிக்குள்ளேயே வளரும். காய்ந்த சரக்கில் கறுத்த கூட்டுப்புழு தெரிந்தால் வாங்குபவர் திருப்பி அனுப்பிவிடுவார். பூவடித் தட்டை நீக்கிவிட்டு இதழ்களை மட்டும் மருந்துக்கு எடுக்கும் வழக்கம் ஜெர்மனியில் இருந்ததற்கு இந்த ஈயும் ஒரு காரணம்.

பறிக்கும் நேரம் நுட்பமானது. லாக்டோன் அளவு பூ முதிரும்போது கூடுகிறது என்று நியூசிலாந்து அளவீடுகள் காட்டின. ஆனால் மிகவும் முதிர்ந்த தலை, காயும்போதே விதை கட்டி வெண்பஞ்சாக வெடித்துவிடும். ஆகவே முழுதாக விரிந்து, ஆனால் வாடத் தொடங்காத நிலையில், பனி காய்ந்த பிறகு பறிக்க வேண்டும். மெல்லிய அடுக்காகப் பரப்பி, காற்றோட்டத்தோடு 40 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் விரைவாக உலர்த்த வேண்டும். குவித்து வைத்தால் வெந்து கறுத்துவிடும். ஒரு கிலோ உலர்பூவுக்கு ஆயிரக்கணக்கான தலைகளைக் கிள்ள வேண்டும் என்பதால் பறிப்புக் கூலிதான் செலவில் பெரும்பங்கு. சாமந்தி வகைப் பூக்களுக்கான பறிப்பு எந்திரத்தை இதற்கும் பயன்படுத்திப் பார்த்தார்கள். எந்திரம் தண்டையும் சேர்த்து இழுப்பதால் சரக்கின் வீரியம் குறைகிறது.

மலையில் விளைந்தால்தான் வீரியம் என்ற நம்பிக்கையையும் இங்கே சோதித்துப் பார்க்க வேண்டும். மேட்டுநில மூலிகைகளுக்கு விலை ஏற்றுவதே இந்த நம்பிக்கைதான். ஜெர்மனியின் பவேரிய வேளாண் ஆய்வு நிலையத்தில் உல்ரிச் போம்மே குழுவினர் ஆர்போ என்ற பயிர்வகையை உருவாக்கியிருந்தார்கள். அந்த ஒரே வகையை வேறோர் ஆய்வுக்குழு ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் அருகே பாட்ஷெர்கோஃபெல் மலையில் 590 மீட்டரிலிருந்து 2,230 மீட்டர் வரை ஒன்பது உயரங்களில் நட்டு, பூக்களைப் பகுத்துப் பார்த்தது. 2006-இல் முடிவு வெளியானது. வீக்கத்தைக் குறைக்கும் லாக்டோனுக்கும் உயரத்துக்கும் தொடர்பே தெரியவில்லை. சில ஃபிளேவனாய்டுகளும் கஃபேயிக் அமிலப் பொருள்களும் உயரத்தோடு கூடின. அதற்கும் காரணம் புற ஊதாக் கதிர் அல்ல, குளிர்தான் என்று அதே ஆய்வுக்குழு பிறகு காட்டியது. மலை விளைச்சல் என்ற பெயருக்காக ஆர்னிகாவுக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு அறிவியல் துணை நிற்கவில்லை. வீரியத்தைத் தீர்மானிப்பதில் செடியின் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்பெயினின் கலீசியாவில் மேட்டுப் புதர்நிலச் செடிகள் ஹெலினாலின் வகையாகவும், தாழ்ந்த புல்வெளிச் செடிகள் டைஹைட்ரோஹெலினாலின் வகையாகவும் பிரிந்திருப்பதை 2009-இல் கண்டார்கள். எனவே விதை வாங்கும்போது அது எந்த மலையின் விதை என்று கேட்பது வீண் கேள்வியல்ல.

வயலுக்கு எளிதான உறவுச்செடி ஒன்று உண்டு. வட அமெரிக்காவின் ஆர்னிகா ஷமிசோனிஸ். அது சுண்ணாம்பு மண்ணையும் ஓரளவு பொறுக்கும். வேகமாகப் பரவி நிறையப் பூக்கும். ஜெர்மன் மருந்து நூல் ஒரு காலத்தில் அதன் பூவையும் ஆர்னிகாவாக ஏற்றுக்கொண்டது. சந்தையில் மெக்சிகோ ஆர்னிகா என்று புழங்கும் ஹெட்டரோதீக்கா இனூலாய்டிஸ் முற்றிலும் வேறு செடி.

நீலகிரியில் இதை வளர்க்கலாமா என்ற கேள்வி தமிழ் வாசகருக்கு எழும். எமரால்டில் மத்திய அரசின் ஹோமியோபதி மூலிகை ஆய்வு மையம் இருக்கிறது. வெளிநாட்டு ஹோமியோபதிச் செடிகளை நம் மலைக்குப் பழக்குவது அதன் பணிகளில் ஒன்று. மண்ணைப் பார்த்தால் நீலகிரி பொருந்தும், அமிலத்துக்குக் குறைவில்லை. உறைபனியும் டிசம்பர், ஜனவரியில் சில இரவுகள் விழுகிறது. ஆனால் ஆல்ப்ஸ் மலையைப் போல மாதக்கணக்கில் பனிக்கடியில் உறங்கும் காலம் இங்கே இல்லை. ஆர்னிகா பூக்கும் கோடை மாதங்கள் இங்கே தென்மேற்குப் பருவமழைக் காலம். பறிக்கவும் உலர்த்தவும் வறண்ட வானிலை கேட்கும் பூவுக்கு அது நேர் எதிர். தோட்டத்தில் நாலு செடி வைத்துப் பார்ப்பதைத் தடுக்க மாட்டேன். சோலையை ஒட்டிய புல்வெளியில் கொண்டுபோய் நடுவதை மட்டும் கடுமையாக எதிர்ப்பேன். ஐரோப்பியர் கொண்டுவந்த கோர்ஸ், ஸ்காட்ச் புரூம் என்ற இரண்டு மஞ்சள் பூப் புதர்களும் சீகை மரமும் அந்தப் புல்வெளிகளை ஏற்கெனவே விழுங்கியிருக்கின்றன. ஆர்னிகா அவ்வளவு மூர்க்கமாகப் பரவும் செடியல்ல. என்றாலும் எஞ்சியிருக்கும் புல்வெளி நம் நாட்டுச் செடிகளுக்கே போதவில்லை.

இனி இரண்டாவது கேள்வி. வயல் ஆர்னிகா மலை ஆர்னிகாவைக் காப்பாற்றுமா? ருமேனியாவின் அபுசேனி மலையில், கர்தா தெ சூஸ் ஊராட்சியில் 2004 முதல் 2007 வரை நடந்த ஒரு பணி இதற்குத் தெளிவான பாடம் தருகிறது. உலக இயற்கை நிதியம் பிரிட்டிஷ் அரசின் டார்வின் திட்ட உதவியோடு நடத்தியது அது. அங்குள்ள குடும்பங்கள் மாட்டுக்காகப் புல் வளர்ப்பவர்கள். கோடையின் தொடக்கத்தில் பெண்களும் பிள்ளைகளும் ஆர்னிகா பறிப்பார்கள். பிறகு புல்லை அரிவாளால் அறுத்துக் காயவைத்துக் குளிர்காலத்துக்குச் சேமிப்பார்கள். ஆண்டுதோறும் அறுப்பதாலும் உரம் அதிகம் படாததாலும் புல் உயராமல் நிற்கிறது, ஆர்னிகா வாழ்கிறது. அந்தப் புல்வெளி காட்டின் கொடை அல்ல, மனித உழைப்பு பல தலைமுறையாகக் காத்துவைத்த நிலம். அறுப்பதை நிறுத்தினால் சில ஆண்டுகளில் புதரும் ஊசியிலை மரமும் ஏறிவிடும்.

அந்தத் திட்டம் பறிப்பைத் தடை செய்யவில்லை. பூத்தலைகளில் ஒரு பங்கை விதைக்கு விட்டுவைக்கவும், பச்சையாகக் குறைந்த விலைக்கு விற்காமல் ஊரிலேயே உலர்த்தி விற்கவும் மக்களுக்குக் கற்றுத்தந்தது. உலர்பூவுக்கு விலை கிடைத்தால் அந்த நிலத்தை உழவோ, உரமிட்டு மேய்ச்சலைப் பெருக்கவோ, கைவிட்டு நகரத்துக்குப் போகவோ குடும்பத்துக்கு ஒரு காரணம் குறையும். நாளை மருந்து நிறுவனங்கள் எல்லாம் சமவெளி வயலிலிருந்தே பூ வாங்கத் தொடங்கினால், பறிப்பு நின்றதால் மலைச்செடி தழைக்கும் என்று எதிர்பார்ப்பது தவறு. பணம் தராத புல்வெளியை அறுக்க ஆள் வரமாட்டார்கள்.

ஆகவே என் கருத்தில், வேரும் முழுச் செடியும் தேவைப்படும் மருந்துகளுக்கு வயல் ஆர்னிகாதான் ஒரே நேர்மையான வழி. அதைச் சட்டமாகவே ஆக்கலாம். பூ மட்டும் தேவைப்படும் களிம்புக்கும் எண்ணெய்க்கும் அறுப்புப் புல்வெளிகளிலிருந்து, பறிப்பவருக்கு நியாய விலை கொடுத்து வாங்குவது தொடர வேண்டும். எந்தப் பூ எந்த நிலத்திலிருந்து வந்தது என்பதைக் குப்பியின் மேல் அச்சிடுவதற்கு நிறுவனங்களுக்கு ஒரு வரி போதும். இந்தியாவில் ஆர்னிகா எண்ணெய் விற்கும் நிறுவனங்களிடமும் வாங்குபவர்கள் அந்த ஒரு வரியைக் கேட்கலாம்.